பெலும் பாச்சா

சின்னத்தையின் கைப்பேசி இப்போது என் அலுவலக மேசையில் இருக்கிறது. வலப்பக்க மூலையில் கண்ணாடி சில்லு பெயர்ந்து, அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்டர்தான். கடையில் கொடுத்துக் கண்ணாடியை மாற்றலாம் என்று நான் சொன்னபோது, விரலைக் கிழிக்காமல் இருந்தால் போதும் என்று அவரே கத்தரித்து ஒட்டினார். எழுத்துகளை எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களா" என்று ஒருவர் அனுப்பினால் அதுவே இரண்டு வரி வரும். கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலே படித்துவிடலாம். அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "படிக்கட்டுமே, எனக்கென்ன ரகசியக் கடுதாசியா வருது" என்பார். அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கைப்பேசிக்கு மட்டும் நான் தவறாமல் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் என் அப்பாவின் கடைசித் தங்கை. காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் தம்போய் நகரத்துக்கு வந்து, கதவு ஜன்னல்களுக்கு வைக்கிற ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவர். சேர்ந்த நாளிலிருந்து அதே தொழிற்சாலை, அதே பிரஸ் மெஷின் வரிசை. அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். "சோறு ஆறுது" என்று ஒரு தடவை குரல் வரும். நான் கால் மணி நேரம் கழித்துப் போனால் ஆறிய சோறு மூடி வைத்திருக்கும். முகத்தில் கோபமும் இருக்காது. கல்யாணம் வேண்டாம் என்பதையும் இருபத்தைந்து வயதில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தவர்கள் எல்லாரும் சுவரோடு பேசிவிட்டுப் போனார்கள் என்று அப்பா சொல்வார். தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிற மலாய்ப் பெண்கள் மட்டும் விடாமல் கேட்பார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. "பெலும்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். மலாயில் அதற்கு 'இன்னும் இல்லை' என்று பொருள். அடித்து 'இல்லை' என்று சொல்லாமல், இனிமேலும் நடக்கலாம் என்று கொஞ்சம் இடம் விட்டுச் சொல்கிற சொல். ஐம்பதைத் தொட்ட பிறகும் அவர் பெலும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பை முடித்த எனக்கு முதல் வேலை தம்போயிலேயே அமைந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து இணையப் பக்கங்கள் செய்யும் சின்ன நிறுவனம். சின்னத்தையின் அடுக்குமாடி வீட்டில் தங்கிக்கொண்டேன். சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். எங்கள் பாஸுக்குப் பழக்கமான ஒரு தொழிற்சாலை, பாதுகாப்பு விதிகளைத் தாளில் அடித்துக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டுக் கைப்பேசிக்கு மாற நினைத்தது. தொழிலாளிகளுக்கு ஓர் இணைப்பு வரும். திறந்தால் பதினான்கு விதிகள், அடியில் ஒரு பெட்டிக்குள் உறுதிமொழி, அதற்கும் கீழே 'படித்துவிட்டேன்' என்ற பொத்தான். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வேண்டும். எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன். சின்னத்தை வேலை செய்கிற இடம்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரே ஒரு கவலைதான். தொழிலாளிகள் எதையும் படிக்காமல் நேராகப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் பொத்தான் முதலில் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்க வேண்டும். கடைசிப் பெட்டியை முழுசாகப் பார்த்த பிறகுதான் பச்சையாக வேண்டும் என்றார்கள். பக்கத்தின் ஒரு பகுதி படிப்பவரின் கண்முன் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பெல்லாம் விரல் திரையைத் தள்ளுகிற ஒவ்வோர் அசைவுக்கும் 'இப்போது எங்கே இருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது' என்று ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கைப்பேசிகள் திணறிப்போகும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பிரவுசருக்குள்ளேயே ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், அதில் எவ்வளவு தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார். அந்த 'எவ்வளவு' என்பதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் நுனி தலைகாட்டினாலே போதும். அரை என்றால் பாதி. ஒன்று என்றால் அந்தப் பகுதியின் தலையும் காலும் ஒரே நேரத்தில் திரைக்குள் இருக்க வேண்டும். அவர்கள் முழுசாக என்றார்கள். நான் ஒன்று என்று போட்டேன்.

மலாயும் ஆங்கிலமும் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. தமிழை நானே எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் என் பெயர் இல்லாமல் இருக்காது. அந்தத் திமிர் அப்போது இன்னும் அடங்கியிருக்கவில்லை. 'இயந்திரத்தின் இயக்கம் முற்றிலுமாக நிறுத்தப்பட்டதை உறுதிசெய்துகொண்ட பின்னரே அதன் உட்பகுதியில் கைகளைச் செலுத்துதல் வேண்டும்' என்று முதல் விதியை எழுதிவிட்டு, அதை நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன். உறுதிமொழியில் இன்னும் வெளுத்து வாங்கினேன். 'ஐயந்திரிபறப் படித்துணர்ந்தேன்' என்று தொடங்கி, 'எவ்விதத்திலும் வழுவாது ஒழுகுவேன்' என்று போய், 'உளமார உறுதியளிக்கிறேன்' என்று முடித்தேன். மலாயில் இரண்டே வரி. தமிழில் ஒரு பத்தி. என் கைப்பேசி அப்போது கடைகளில் இருந்தவற்றிலேயே நீளமானது, எழுத்தும் பொடி. அதில் பெட்டி திரைக்குள் உட்கார்ந்தது. ஒரு விரல்கடை இடம் மிச்சமும் இருந்தது. பொத்தான் பச்சையானது. அனுப்பிவிட்டோம்.

நான்தான் செய்தேன் என்று சின்னத்தையிடம் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். எதையும் ஒரு தடவைதான் சொல்கிறவர், இந்த ஒன்றை மட்டும் பல தடவை சொன்னார். கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் மவ செஞ்சது லா, தமிழ்கூட அவளே எழுதினது" என்று சொன்னதாக அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிற அக்கா ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த அக்கா எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்றாவது மாடியில் இருந்தார். அதே மாதம் தொழிற்சாலையில் புதிய வரிசை ஒன்றைத் திறக்க இருந்தார்கள். அதற்கு லைன் லீடர் வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் அடுத்தது சின்னத்தைதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெள்ளைத் தொப்பி போய் நீலத் தொப்பி வரும். தனக்கு நீலம் எடுக்குமா என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: புதிய வரிசைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் சோபாவில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத்தை தன் கைப்பேசியோடு வந்து நின்றார். "கடைசியில பச்சையாகல" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. முழுசாகக் கீழே இழுத்தீர்களா, அவசரத்தில் பாதியிலேயே விட்டிருப்பீர்கள் என்று என் திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "இழுத்தேன்" என்றார். பிறகு தொட்டியிலிருந்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அவ்வளவுதான். அதை அவர் சொன்ன ஒரு தடவை அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கீழே லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து சீட்டு அக்கா காய்கறிப் பையோடு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. "உங்க அத்தை பேரு இன்னும் போர்டுல தொங்குது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பக்கத்தைப் படிக்காதவர்களின் பெயர்களைத் தாளில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். தலைப்பு 'பெலும் பாச்சா'. இன்னும் படிக்காதவர்கள். மொத்தம் பதினொரு பேர், எல்லாரும் நம் பெண்கள், எல்லாரும் வயதானவர்கள். சூப்பர்வைசரும் நம் ஆள்தான். காலையில் இவர்கள் உள்ளே நுழையும்போது, பெலும் பாச்சா கோஷ்டி வந்தாச்சு என்று அவர் சொல்ல, வரிசையே சிரிக்கிறதாம். போன வெள்ளிக்கிழமை நீலத் தொப்பியை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். "நான் மலாய்ல படிச்சேன், டக்குனு பச்சையாச்சு. உங்க அத்தை தமிழ்லதான் படிப்பேன்னு நிக்கிறாங்க. நீ ஒருக்கா பாரேன்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், லிஃப்ட் வந்ததும் விட்டுவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, எரிச்சல்தான். என் சொந்த அத்தையே நான் செய்ததைப் படித்து முடிக்கவில்லை என்றால் எனக்கு என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டே மேலே போனேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னத்தை வீட்டுக்கு வெளியே நடைபாதைக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "நிஜமாவே படிச்சீங்களா அத்தை?" என்று கேட்டேன். வாழ்க்கையில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் எனக்குச் சில உண்டு. முதலாவது அதுதான். அவர் ஒரு சட்டையை எடுத்து உதறினார்.

"மெஷின ஆஃப் பண்ணாம உள்ள கை விடாத" என்றார், சட்டைக்குக் கிளிப் போட்டபடி. அடுத்து ஒரு துண்டை எடுத்தார். "சூடு ஆறாத ரப்பர வெறுங்கையில தொடாத." துண்டுக்குக் கிளிப் போட்டார். "தலைமுடிய அள்ளித் தொப்பிக்குள்ள வை. மெஷின் கிட்ட துப்பட்டா ஆகாது." ஒரு துணிக்கு ஒரு விதி. என் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் எண்ணெய் சிந்தினால் என்ன செய்வது, தீ மணி அடித்தால் எந்தக் கதவு, கண்ணில் தூள் பட்டால் யாரிடம் போவது, எல்லாம் நான் எழுதிய வரிசையிலேயே வந்தன, நான் எழுதிய சொற்கள் ஒன்றுகூட இல்லாமல். வாளியில் துணி தீர்ந்த பிறகும் விதிகள் மிச்சம் இருந்தன. வெறும் கையோடு நின்று பதினான்கையும் சொல்லி முடித்தார். உறுதிமொழியையும் விடவில்லை. "இதெல்லாம் படிச்சேன், இதும்படி நடப்பேன்" என்றார். என்னுடைய ஒரு பத்தி அவர் வாயில் அவ்வளவுதான் வந்தது. ஏன் என்னிடம் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருக்கா சொன்னேன்ல" என்றார்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டர் ஒட்டிய அந்தச் சின்னத் திரையில், 'படித்துணர்ந்தேன்' என்ற ஒற்றைச் சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொண்டு நின்றது. கடைசிப் பெட்டியின் தலை தெரிந்தால் கால் தெரியவில்லை. காலைப் பார்க்க இழுத்தால் தலை மேலே போய் மறைந்தது. பெட்டி திரையைவிட உயரம். அப்படி இருக்கும்போது அது முழுசாகத் தெரியவே முடியாது. என் கண்காணிப்பாளர் நான் சொன்ன 'ஒன்று' வருமென்று காத்துக்கொண்டே இருந்தார். வராத ஒன்றுக்காக. இளவயதுக்காரர்களின் கைப்பேசியில் எழுத்து பொடி, அவர்களுக்குப் பச்சையாகிவிட்டது. மலாயில் படித்தவர்களுக்குப் பெட்டி சின்னது, அவர்களுக்கும் ஆகிவிட்டது. கண் மங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழில் ஒவ்வொரு சொல்லாகப் படித்த பதினொரு பேர்தான் மாட்டிக்கொண்டார்கள். அதாவது, உண்மையிலேயே படித்தவர்கள். எனக்கு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழவும் செய்தேன். சின்னத்தை வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், எனக்கும் சேர்த்துத் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பாஸிடம் சொன்னேன். தொழிற்சாலைக்குக் கடிதமெல்லாம் வேண்டாம், சத்தமில்லாமல் சரிசெய்துவிடு, அவர்களாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர், பயந்தார். சரிசெய்வது ஒரு மணி நேர வேலைதான். உறுதிமொழியின் கடைசி வரிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடு ஒன்றை வைத்தேன். பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கோட்டை மட்டும் பார்க்கும்படி கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அதன் நுனி திரைக்குள் வந்தாலே போதும், எண் பூஜ்யம். எழுத்து எவ்வளவு பெரிதானாலும், திரை எவ்வளவு சின்னதானாலும், கீழே வரைக்கும் வந்தவர் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதோடு என் கட்டுரைப் போட்டித் தமிழையும் தூக்கிவிட்டு, சின்னத்தை சொன்னதை நினைவிலிருந்து அப்படியே எழுதினேன். பிறகு, பாஸ் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். குறை பக்கத்தில்தான், பட்டியலில் உள்ளவர்களிடம் இல்லை, குறைக்குப் பொறுப்பு நான் என்று மூன்று வரி. பாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பட்டியலை எடுத்துவிட்டார்கள். ஒட்டும்போது எல்லாரும் பார்த்தார்கள். எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. 'இவர்கள் படித்தவர்கள்தான்' என்று இன்னொரு தாளை யார் ஒட்டப்போகிறார்கள்? புதிய பக்கம் வந்த அன்று சாயங்காலம் சின்னத்தையிடம் கைப்பேசியைக் கொடுத்து, கீழே இழுத்து அழுத்திவிடுங்கள், இப்போது பச்சையாகும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் விதியிலிருந்து ஆரம்பித்தார். எல்லாம்தான் மனப்பாடமாகத் தெரியுமே அத்தை, நேராகக் கீழே போகலாமே என்றேன். "படிச்சேன்னு அழுத்தணும்னா படிக்கணும்ல" என்றார். கட்டைவிரலைத் திரையில் வைத்து, மெதுவாக, ஒரு வரி ஏறுகிற அளவுக்கு மட்டும் இழுத்தார். மூன்றாவது விதிக்கு வந்தபோது, எல்லாமே தன் சொந்த வார்த்தைகள் என்று கண்டு நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பச்சையானபோது அதை ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினார். நான் எழுதிய ஒன்றை ஒருவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

நீலத் தொப்பி அவருக்கு மறு வருடம்தான் வந்தது. அந்த ஒரு வருடத்தைத் தின்றவள் நான். அதைப் பற்றி அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீலம் அவருக்கு நன்றாகவே எடுத்தது. ஓய்வு பெறும்வரை அதே தொப்பியோடு வரிசையை நடத்தினார். அவருடைய வரிசையில் யாருக்கும் விரல் நசுங்கியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு காஹாங்குக்குத் திரும்பிவிட்டார். சிறுநீரகக் கோளாறில் கொஞ்சநாள் படுத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கைப்பேசியை நீயே வைத்துக்கொள் என்று அப்பா என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து நான் எந்தப் பக்கம் செய்தாலும் முதலில் அதில்தான் திறந்து பார்க்கிறேன். அந்தப் பெரிய எழுத்தில், அந்தச் சின்னத் திரையில் சரியாக ஓடினால் வேறு எதிலும் ஓடும்.

போன மாதம் தம்போய்ச் சந்தையில் பக்கத்து சீட்டு அக்காவைப் பார்த்தேன். இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மீன் கடை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் அந்தப் பட்டியலில் வந்து நின்றது. அன்றைக்கு லிஃப்ட் முன்னால் ஏதோ சொல்ல வந்தீர்களே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப சொன்னா என்ன, அவங்கதான் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சொன்னார். சின்னத்தை தமிழில் முழுசாகப் படித்தது அந்த அக்காவுக்கு அப்போதே தெரியும். பஸ்ஸில் போகும்போது பக்கத்திலிருந்து பார்த்தவர்தானே. அந்த இணையப் பக்கத்தில்தான் ஏதோ கோளாறு, வாருங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லலாம் என்று இவர் கிளம்பியிருக்கிறார். சின்னத்தை கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"'வேணாம். எங்க அண்ணன் மவ மொதமொதல்ல செஞ்சது. நான் படிக்கலன்னே இருக்கட்டும்' அப்படின்னாங்க. உன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அதான் நான் அரையுங்கொறையுமா வந்து சொன்னேன்."

மூன்று வாரம், காலையில் வாசலில் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி உள்ளே போயிருக்கிறார். நீலத் தொப்பி இன்னொருத்தர் தலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறார். பஸ் முழுக்க என் பெயரைச் சொல்லி வைத்திருந்ததால் அதைக் காப்பாற்ற வேண்டியதும் அவர் பொறுப்பாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சோற்றை மூடி வைத்திருக்கிறார். நானோ, நிஜமாகவே படித்தீர்களா என்று கேட்டேன். வாங்கிய மீனை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்; அக்கா பின்னாலேயே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலை அலுவலகத்தில் யாரும் வருவதற்கு முன்னால் அவர் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழக்கதோஷத்தில் விரலால் ஒரே தள்ளு தள்ளினேன். பதினான்கு விதிகளும் கலங்கலாக மேலே ஓடி மறைந்தன, உறுதிமொழி வந்தது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு திரைக்குள் நுழைந்திருக்க வேண்டும், பொத்தான் உடனே பச்சையானது. ஒரு வரிகூடப் படிக்காத என்னை அது நம்பிவிட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுத்தெழுத்தாகப் படித்தவரைத்தான் மூன்று வாரம் நம்பாமல் வாசலில் நிறுத்தியது, அதுவும் நான் சொல்லிக்கொடுத்தபடி. பிளாஸ்டர் ஒட்டிய மூலை கட்டைவிரலில் உரசிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தவில்லை. மேலே போய், அவர் இழுப்பதுபோல் ஒவ்வொரு வரியாக, முதல் விதியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மெஷின ஆஃப் பண்ணாம உள்ள கை விடாத.